கோழியின் பிறவிக் காப்பு: ஒரு சிற்றாராய்ச்சி

கோழி நோயில் விழுந்தால் பண்ணையில் எழும் முதல் கேள்வி, ஊசி போட்டாயிற்றா என்பது. இரண்டாவது கேள்வி தண்ணீரைப் பற்றியது, மூன்றாவது தீவனத்தைப் பற்றியது. அந்தக் கோழி யாருக்குப் பிறந்தது என்று எவரும் கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது இச்சிற்றாராய்ச்சியின் வாதம். ஒரே கொட்டகையில், ஒரே தீவனத்தைத் தின்று, ஒரே கிருமியைச் சுவாசித்து வளரும் இரண்டு குஞ்சுகளில் ஒன்று பன்னிரண்டாம் வாரத்தில் கால் மடங்கிச் சாகிறது. மற்றது முட்டையிடப் போகிறது. எது சாகும் என்பதில் பெரும்பங்கு முட்டைக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. இதற்கான சான்றுகள் எண்பது தொண்ணூறு ஆண்டுகளாகச் சேர்ந்துவருகின்றன. அந்தச் சான்றுகள் கையில் இருந்தும் மனிதர் அவற்றை ஓரம் கட்டினார்கள். இரண்டையும் பற்றி இங்கே பேச வேண்டும்.

எடுத்துக்கொள்ளும் வழக்கு மேரக்ஸ் நோய். 1907இல் புடாபெஸ்ட் நகரின் கால்நடை மருத்துவப் பேராசிரியரும் இந்நோய்க்குப் பெயர் தந்தவருமான யோசெப் மாரெக் நான்கு சேவல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவற்றின் காலும் இறக்கையும் செயலிழந்திருந்தன. அறுத்துப் பார்த்தபோது நரம்புகள் வீங்கித் தடித்திருந்தன. பின்னாளில் அதே நோய் ஈரலிலும் மண்ணீரலிலும் சூலகத்திலும் கட்டிகளாகத் தலைகாட்டியது. ஒரு கால் முன்னே நீண்டு, மறு கால் பின்னே நீண்டு, எழ முடியாமல் கிடக்கும் கோழியை முட்டைப் பண்ணைக்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்வார்கள். காரணம் ஹெர்பிஸ் இனத்து வைரஸ் ஒன்று. இதை 1967இல்தான் இங்கிலாந்தின் ஹௌட்டன் ஆய்வு நிலையத்தில் சர்ச்சில், பிக்ஸ் என்ற இருவர் கண்டறிந்தார்கள். இறகு முளைக்கும் குழிகளில் முதிர்ந்து, உதிரும் தோல்துகளோடு கலந்து, கொட்டகைத் தூசியில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும் வைரஸ் இது. கோழி இருக்கும் இடத்தில் இதுவும் இருக்கிறது. ஆகவே இந்த நோயில் கிருமி யாரை அடைந்தது என்ற ஆராய்ச்சிக்கு இடமில்லை. எல்லாக் கோழிகளையும் அடைகிறது. யார் தாங்கினார் என்பது ஒன்றே மிச்சமிருக்கும் கேள்வி. மரபின் பங்கை அளக்க இதைவிடப் பொருத்தமான நோய் கிடைப்பது அரிது.

அதை அளந்தவர்கள் ஹட், கோல் என்னும் இருவர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடரிக் ஹட் 1935இல் வெள்ளை லெகார்ன் கோழிகளை வைத்து ஒரு வேலையைத் தொடங்கினார். பின்னர் ராண்டல் கோல் அதில் சேர்ந்தார். வேலையின் முறை எளிது, பொறுமைதான் கடினம். குஞ்சுகளைப் பெரிய கோழிகளுக்கு அருகிலேயே வளர்த்தார்கள். நோய் தொற்றட்டும் என்று வேண்டுமென்றே விட்டார்கள். எந்தச் சேவலின் குஞ்சுகள், எந்தப் பெட்டையின் குஞ்சுகள் அதிகம் பிழைத்தன என்று குடும்பம் குடும்பமாகக் கணக்கெழுதினார்கள். பிழைத்த குடும்பங்களிலிருந்து அடுத்த தலைமுறையை எடுத்தார்கள். தலைமுறைகள் கடந்தபோது நோயைத் தாங்கும் இரண்டு மரபு வழிகளும், நோய்க்கு எளிதில் பலியாகும் ஒரு வழியும் அவர்கள் கையில் இருந்தன. 1960களில் கோல் இன்னொரு கோழிக் கூட்டத்தில் இதே வேலையைச் செய்தபோது சில தலைமுறைகளிலேயே பிரிவு தெளிவாக விழுந்தது. ஒன்று ‘என்’ வழி, தாங்குவது. மற்றது ‘பி’ (P) வழி, சாவது. ஹட் வேலையைத் தொடங்கியபோது கிருமி எது என்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. அவர் வென்ற நோய் ஒன்றா, பல நோய்களின் கூட்டா என்பதுகூடத் தெளிவாகவில்லை. கிருமியின் பெயர் தெரியாமலே கிருமியைத் தாங்கும் குடியை ஆக்கிக் காட்டினார்கள். கால்நடை அறிவியலில் இதற்கு இணையான சாதனை எனக்குத் தெரிந்து மிகச் சில.

மரபணு எது என்பது வேறொரு வழியாக வந்தது. 1950இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிரைல்ஸும் அவர் ஆசிரியர்களும் கோழிகளின் இரத்த வகைகளைப் பிரித்தார்கள். மனிதருக்கு ஏ, பி, ஓ இருப்பதுபோலக் கோழிக்கும் பல இரத்தப் பிரிவுகள் உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு ‘பி’ (B) என்று பெயர் வைத்தார்கள். 1961இல் ஷியர்மன், நார்ட்ஸ்காக் என்ற இருவர் ஒரு கோழியின் தோலை எடுத்து இன்னொன்றின் மேல் ஒட்டிப் பார்த்தார்கள். ‘பி’ வகை ஒத்திருந்தால் தோல் நிலைத்தது, ஒத்திராவிட்டால் உடல் அதை விரைவில் உதறியது. தன்னுடையது எது, அந்நியமானது எது என்று கோழியின் உடல் தீர்மானிக்கும் இடம் அந்த மரபணுத் தொகுதி என்பது இதனால் தெரிந்தது. 1967இல், அதாவது வைரஸ் பிடிபட்ட அதே ஆண்டில், பி-21 என்னும் வகையைத் தாங்கிய கோழிகள் மேரக்ஸுக்கு அவ்வளவாகப் பலியாவதில்லை என்ற செய்தி அச்சேறியது. 1977இல் பிரைல்ஸ், ஸ்டோன், கோல் மூவரும் கார்னெல் கோழிகளின் குருதியைச் சோதித்தார்கள். தாங்கும் ‘என்’ வழி பி-21. சாகும் ‘பி’ (P) வழி பி-19 (B19). கோல் தம் கணக்கேட்டை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தது இந்த மரபணுத் தொகுதியைத்தான்.

அது உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு உயிரணுவும் தனக்குள் உண்டாகும் புரதங்களை ஓயாமல் துண்டாக்கி, அந்தத் துண்டுகளில் சிலவற்றைத் தன் மேற்பரப்பில் ஏந்தி நிற்கிறது. வாசலில் வைத்த குப்பையைப் பார்த்து வீட்டுக்குள் என்ன சமைத்தார்கள் என்று சொல்லிவிடுவதுபோல, சுற்றித் திரியும் வெள்ளணுக்கள் அந்தத் துண்டுகளைப் பார்த்து உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று அறிகின்றன. இருந்தால் அந்த உயிரணுவை அழிக்கின்றன. துண்டை ஏந்தும் புரதத்தைக் கட்டுவதுதான் ‘பி’ தொகுதியின் முதன்மையான வேலை. மனிதருக்கு இந்த வேலையைச் செய்யும் மூல மரபணுக்கள் மூன்று. தாய்வழி மூன்று, தந்தைவழி மூன்று என்று ஆறு விதமாக ஏந்த முடியும். ஒன்று தவறவிட்ட துண்டை மற்றொன்று பிடித்துக்கொள்ளும். கோழிக்கு அந்த வசதி இல்லை. ஜிம் காஃப்மன் குழுவினர் 1999இல் அந்தத் தொகுதியின் முழு எழுத்து வரிசையைப் படித்து வெளியிட்டார்கள். 92,000 எழுத்துகள், 19 மரபணுக்கள். மனிதரில் இதற்கு ஈடான பகுதி ஏறக்குறைய 40 இலட்சம் எழுத்துகளும் இருநூறுக்கு மேற்பட்ட மரபணுக்களும் கொண்டது. அந்தச் சிறிய தொகுதியிலும் துண்டை ஏந்தும் வேலையைப் பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுதான் செய்கிறது. அது ஒரு வைரஸின் துண்டை ஏந்தத் தெரியாததாக இருந்தால் உதவிக்கு வர வேறு ஆள் இல்லை. மனிதரிடம் மங்கலாகத் தெரியும் மரபு வேறுபாடு கோழியிடம் வாழ்வா சாவா என்று பளிச்சென்று தெரிவதற்கு இதுவே காரணம் என்பது காஃப்மனின் விளக்கம்.

பி-21இன் சிறப்பு 2007இல் தெளிவானது. அந்தப் புரதத்தின் ஏந்து பள்ளம் அகலமானது. உள்ளே வரும் துண்டுக்குத் தக்கபடி தன் அமைப்பை மாற்றிக்கொண்டு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பலவகைத் துண்டுகளை அதனால் ஏந்த முடிகிறது. பி-19 போன்றவை தேர்ந்தெடுத்த சில துண்டுகளையே ஏந்தும். ஆனாலும் பி-21 ஒன்றே எல்லாம் என்று எண்ணிவிடக் கூடாது. மிச்சிகனின் ஈஸ்ட் லான்சிங் ஆய்வகத்தில் ஆறாம் வழி, ஏழாம் வழி என்று இரண்டு கோழி வழிகள் உண்டு. இரண்டுக்கும் ‘பி’ தொகுதி ஒன்றே. ஆறு மேரக்ஸைத் தாங்குகிறது, ஏழு தாங்குவதில்லை. ஆக, வேறு குரோமோசோம்களிலும் காப்பு பரவிக் கிடக்கிறது. ஒற்றை மரபணுவைக் காட்டி இதோ தீர்வு என்று விற்க வருபவர்களுக்கு ஏழாம் வழிக் கோழி போதுமான மறுப்பு.

இன்னொரு மறுப்பு வர்ஜீனியாவில் கிடைத்தது. அதற்கு முன் எதிர்ப்பொருள் பற்றி ஒரு சொல். குருதியில் எதிர்ப்பொருள் சுரக்கும் வெள்ளணுக்கள் முதிரும் இடம் எது என்று உலகுக்குக் காட்டிய உயிர் கோழி. எச்சத்துவாரத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சிறு பையை பதுவா நகரத்து உடற்கூற்றியலாளர் ஃபாப்ரீசியஸ் வருணித்திருந்தார். முந்நூறு ஆண்டுக் காலம் அது எதற்கென்று தெரியாமல் இருந்தது. ஓஹையோவில் ப்ரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர் அந்தப் பையை நீக்கிய கோழிகளுக்கு எதிர்ப்பொருள் சுரப்பதில்லை என்று கண்டார். பெரிய அறிவியல் இதழ் ஒன்று அதை ஏற்கவில்லை. 1956இல் கோழி வளர்ப்பு இதழ் ஒன்றில் அது வெளியானது. இன்று மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் படிக்கும் பி-செல் என்பதன் பெயர், பர்சா என்னும் அந்தக் கோழிப் பையின் முதலெழுத்திலிருந்து வந்தது. மனித மருத்துவம் கோழிக்குப் பட்ட கடன் பெரிது.

வர்ஜீனியாவுக்கு வருவோம். பால் சீகல், கிராஸ் என்ற இருவர் 1970களில் ஆட்டின் சிவப்பணுக்களைக் கோழிகளுக்கு ஊசி மூலம் செலுத்தி, அவற்றுக்கு எதிராக அதிகம் எதிர்ப்பொருள் சுரந்தவற்றை ஒரு வழியாகவும் குறைவாகச் சுரந்தவற்றை மறு வழியாகவும் தலைமுறை தலைமுறையாகப் பிரித்தார்கள். அதிகம் சுரந்த வழியில் பி-21 பெருகியது. நுண்ணுயிரியாகிய மைக்கோபிளாஸ்மாவையும் குடல் ஒட்டுண்ணியாகிய காக்சிடியாவையும் அது நன்றாகத் தாங்கியது. ஆனால் ஈ.கோலை, ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களின் முன் அது பலவீனமாக நின்றது, குறைவாகச் சுரந்த வழியே மேலாக நின்றது. அதிகம் சுரந்த கோழிகள் எடையிலும் குறைந்தன. எல்லா நோய்க்கும் ஒரு காப்பு என்பது இயற்கையில் இல்லை. ஒரு பக்கம் கூட்டினால் இன்னொரு பக்கம் குறையும். உடலிடம் இருக்கும் தீனி ஒன்றுதான். அது சதையாகவும் போக வேண்டும், முட்டையாகவும் போக வேண்டும், காப்பாகவும் போக வேண்டும்.

கறிக்கோழியில் அந்தத் தீனி எங்கே போனது என்பதற்கு அளவு இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1957ஆம் ஆண்டின் கோழி வழியையும் 1978, 2005ஆம் ஆண்டுகளின் வழிகளையும் ஒரே தீவனத்தில் வளர்த்தார்கள். 56ஆம் நாளில் முதலாவது 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். 1957ஆம் ஆண்டு வழியை 2001ஆம் ஆண்டுக் கறிக்கோழியோடு ஒப்பிட்ட இன்னொரு ஆய்வில் எதிர்ப்பொருள் சுரப்பில் பழைய கோழியே முன்னின்றது. புதிய கோழி வேறு சில காப்பு வேலைகளில் மேம்பட்டிருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எனினும் எடையைத் தேர்ந்தவர்கள் காப்பை அளந்து தேரவில்லை. காப்பில் நடந்த மாற்றம் எவரும் கேட்காமல் நடந்தது.

கேட்காமல் நடந்தவற்றுள் என்னை மிகவும் சினங்கொள்ளச் செய்வது இறகு விவகாரம். முட்டைத் தொழிலுக்குச் சேவல் குஞ்சு தேவையில்லை. ஆகவே பொரித்த நாளிலேயே ஆண் பெண் பிரிக்க வேண்டும். எச்சத்துவாரத்தைப் பிதுக்கிப் பார்த்துப் பிரிக்கும் நுட்பத்தை ஜப்பானியர் வளர்த்தார்கள். அதற்குத் தேர்ந்த கைகள் வேண்டும், கூலி அதிகம். அதைத் தவிர்க்க ஒரு வழி கண்டார்கள். இறகு தாமதமாக முளைக்கச் செய்யும் மரபணு ஒன்று கோழியின் இசட் குரோமோசோமில் உண்டு. அதைத் தாங்கிய பெட்டையை விரைவாக இறகு முளைக்கும் சேவலோடு சேர்த்தால் மகள்களுக்கு இறகு விரைவில் வரும், மகன்களுக்குத் தாமதமாக வரும். ஒருநாள் குஞ்சின் இறக்கையை விரித்து நோக்கினால் போதும், யாரும் பிரித்துவிடலாம்.

அந்த மரபணுவை ஒட்டி, அதே குரோமோசோமில், இவி-21 என்ற பெயரில் ஒரு பழைய வைரஸ் உட்கார்ந்திருக்கிறது. என்றோ ஒரு மூதாதைக் கோழியின் மரபில் நுழைந்து, பிள்ளைக்குப் பிள்ளை இறங்கிவரும் வைரஸ். தாமத இறகைத் தேர்ந்தவர்கள் அதையும் சேர்த்தே தேர்ந்தார்கள். தாயிடமிருந்து அது முட்டை வழியாகக் குஞ்சை அடைகிறது. கருவிலேயே அதைச் சந்தித்த குஞ்சின் உடல் அதைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்கிறது. பின்னொரு நாள் அதன் நெருங்கிய உறவான லூக்கோசிஸ் வைரஸ் வெளியிலிருந்து வந்து இறங்கும்போது எதிர்ப்பொருள் சரியாகச் சுரப்பதில்லை. வைரஸ் தங்குகிறது, கட்டி வளர்கிறது, முட்டை வழி அடுத்த தலைமுறைக்கும் போகிறது. 1980களில் இந்தத் தொடர்பு வெளிவந்தது. மூல வர்க்கங்களை வைத்திருந்த நிறுவனங்கள் கோழி கோழியாகச் சோதித்து லூக்கோசிஸைக் களைய வேண்டியிருந்தது. பிரிக்கும் கூலியை மிச்சப்படுத்துவதற்காக ஒரு பறவையின் தன்-அந்நிய அறிவையே குலைத்தார்கள். அறியாமல் செய்தார்கள் என்பது உண்மை. அறிந்துகொள்ள முயலாமல் செய்தார்கள் என்பதும் உண்மை.

மேரக்ஸுக்குத் திரும்பலாம். பி-21 கண்டறியப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே ஈஸ்ட் லான்சிங்கில் வான்கோழியின் ஹெர்பிஸ் வைரஸிலிருந்து தடுப்பூசி உருவானது. 1970களின் தொடக்கத்தில் அது எங்கும் பரவியது. புற்றுக்கட்டியைத் தடுத்த முதல் தடுப்பூசி என்று வரலாறு அதைக் கொண்டாடுகிறது. கொண்டாட்டம் தகும். கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த கோழிகள் பிழைத்தன. இன்று நாமக்கல்லில் முட்டையிடும் லெகார்ன் வழிக் கோழி ஒவ்வொன்றும் பொரிப்பகத்திலேயே, பிறந்த நாளிலேயே, கழுத்துத் தோலடியில் மேரக்ஸ் ஊசியைப் பெற்றுத்தான் பண்ணைக்கு வருகிறது. ஆனால் ஊசி வந்த வேகத்தில் ஹட், கோல் வகை வேலை பின்னுக்குப் போனது. முப்பது ஆண்டுக் காலக் கணக்கேட்டை ஒரு சீசா வென்றது.

அந்த ஊசி நோயைத் தடுக்கிறது, தொற்றைத் தடுப்பதில்லை. ஊசி பெற்ற கோழியின் உடலில் வைரஸ் வளர்கிறது, தூசியில் கலக்கிறது, ஆனால் கோழி சாவதில்லை. ஆண்ட்ரூ ரீட் தலைமையில் 2015இல் வெளியான ஆய்வு இதன் விளைவை அளந்தது. மிகக் கொடிய வகை வைரஸ் ஊசி பெறாத கோழியைப் பத்து நாளுக்குள் கொன்றுவிடுகிறது. அத்தனை விரைவில் கொல்வதால் அது பரவ நேரமில்லை. ஊசி பெற்ற கோழியோ வாரக்கணக்கில் உயிரோடிருந்து அதே வைரஸைப் பரப்புகிறது. தானே அழிந்திருக்க வேண்டிய கொடிய வகைகளுக்கு நாம் வாழ இடம் கொடுத்தோம். 2023இல் ஐரோப்பாவிலும் அண்மைக் கிழக்கிலும் அகழ்ந்தெடுத்த கோழி எலும்புகளிலிருந்து ஆயிரம் ஆண்டுப் பழமையான மேரக்ஸ் வைரஸைப் படித்தார்கள். அந்தப் பழைய வைரஸுக்குக் கட்டி உண்டாக்கும் ஆற்றல் இருந்ததாகத் தெரியவில்லை. கொடுமை பிற்காலத்தில் சேர்ந்தது. நெருக்கிய கொட்டகைகளும் அதில் பங்கு கொண்டிருக்கின்றன.

இனி மரபணுவைத் திருத்திவிடலாம் என்கிறார்கள். எடின்பரோவின் ராஸ்லின் நிறுவனத்தார் பறவைக் காய்ச்சல் வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் கோழிப் புரதம் ஒன்றில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை மாற்றினார்கள். 2023இல் வந்த முடிவின்படி, இயல்பான அளவில் வைரஸ் கொடுத்தபோது பத்தில் ஒன்பது கோழிகள் தொற்றாமல் தப்பின. ஆயிரம் மடங்கு கொடுத்தபோது பாதி தொற்றின. அவற்றிலிருந்து எடுத்த வைரஸ் திருத்தப்பட்ட புரதத்தையும் பயன்படுத்தக் கற்றிருந்தது, அதன் உறவுப் புரதங்களையும் பயன்படுத்தக் கற்றிருந்தது. மதிப்பான வேலை, ஆய்வாளர்களே அதன் எல்லையை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஒரு பூட்டு போதாது என்று வர்ஜீனியாக் கோழிகள் சொன்னதையே ராஸ்லின் கோழிகளும் சொல்கின்றன. வாத்துக்கு இருக்கும் ரிக்-ஐ என்னும் வைரஸ் உணரி கோழிக்கு இல்லை என்று 2010இல் ஆல்பர்ட்டாவில் கண்டார்கள். வாத்து தாங்கும் காய்ச்சலில் கோழி மடிவதற்கு அது ஒரு காரணம். பல பூட்டுகள் வேண்டும், அவை பல கோழிகளில் சிதறியிருக்க வேண்டும்.

சிதறியிருந்தவை குறைந்துவருகின்றன. 2008இல் வந்த ஓர் உலகளாவிய ஆய்வு, வணிகக் கோழி வழிகளில் மூதாதை இனங்களிடம் இருந்த மரபு வகைகளில் பாதியோ அதற்கு மேலோ காணவில்லை என்று காட்டியது. காணாமல் போனவை பெரும்பாலும் அரிய வகைகள். அரியவற்றில் எது நாளைய நோய்க்குக் காப்பு என்று இன்று சொல்ல முடியாது. எகிப்தின் ஃபயூம் வட்டாரத்துச் சிறு கோழியை ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 1950களிலிருந்து தனி வழியாகக் காத்துவருகிறது. முட்டைச் சந்தையில் அதற்கு மதிப்பில்லை. ஆனால் வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயின் வைரஸைக் கொடுத்தபோது அது லெகார்னைவிட விரைவாக வைரஸைத் துடைத்தெறிந்தது. அன்று யாரோ அதைப் பயனற்றது என்று கழித்திருந்தால் இன்று ஒப்பிடவே ஒரு கோழி இருந்திராது.

நம் ஊரில் இதைச் சொன்னால் உடனே வரும் பதில், நாட்டுக்கோழிக்கு நோயே வராது என்பது. இது பொய். வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரு தெருவின் நாட்டுக்கோழிகள் சில நாளில் காலியாவதைக் கிராமத்தார் அறிவார்கள். ஆகவே கால்நடைத் துறை நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குக் கோழியைக் கூடையில் தூக்கிச் செல்லுங்கள். ஊசி வேண்டாம் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. ஊசியோடு நின்றுவிடாதீர்கள் என்பதே. சிறுவிடையும் பெருவிடையும் அசிலும் கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழியும் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கழிச்சல் வந்து போன பின் மிஞ்சிய கோழிகளை அவசரப்பட்டுச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். எந்தப் பெட்டையின் குஞ்சுகள் நின்றன, எந்தச் சேவலுக்குப் பிறந்தவை அவை என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த அடைக்கு அவற்றின் முட்டையை வையுங்கள். ஹட்டும் கோலும் கையாண்ட முறையின் அடிப்படை இதுதான். அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.